அழித்தலும் பொறுப்பும்

குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நொடி வேலை என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆக்குதற்கு வேண்டிய காலத்துக்கும் அழித்தற்கு வேண்டிய காலத்துக்கும் இடையேயுள்ள பேதத்தை இதனினுஞ் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. ஆயின் அப்பழமொழியிலே தடியெடுத்தவன் யாரென்பது எல்லார்க்குந் தெரியும். அவன் பானையைக் காண்கிறான், அடிக்கிறான், அது சிதறுவதையுங் காண்கிறான். அவனைப் பிடித்து, ஏன் செய்தாய் என்று கேட்டல் கூடும். இன்று நம்முடைய எழுத்துகளும் கணக்குகளும், மாணாக்கரின் புள்ளிகளும் நோயாளரின் குறிப்புகளும் கணினியிலே கோப்புகளாகக் கிடக்கின்றன. அவற்றை அழித்தற்குத் தடி வேண்டியதில்லை. இரண்டு எழுத்துகள் போதும். அவ்வெழுத்துகளைத் தட்டியவன், தான் எதை அழித்தான் என்பதைப் பலவேளைகளில் அழித்த பின்னரே அறிகின்றான். இந்நிலையில் அழிவுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினா கணினி வல்லாரோடு நின்றுவிடுவதில்லை. அது நம் அனைவரையும் எதிர்நோக்கும் ஓர் ஒழுக்க வினாவாகும். அதனையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

கணினியை ஏவுதற்கு இரு வழிகள் உள. திரையிலே தோன்றும் படங்களைச் சுட்டியாலோ விரலாலோ தொட்டு ஏவுவது ஒன்று; பெரும்பாலோர் அறிந்த வழி அதுவே. கட்டளைகளை எழுத்திலே தட்டி வரிவரியாகக் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது வழியில் நம் கட்டளையை வாங்கி நிறைவேற்றுவிக்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். நம் நாட்டு வடக்குக் கிழக்கு மக்களுக்குப் போர்க்காலத்து நினைவுகளைக் கிளறுஞ் சொல் அது. ஈண்டு அச்சொல், கணினியின் உட்கருவைச் சூழ்ந்திருக்கும் ஓடு என்னும் பொருளிலேயே வழங்குகின்றது.

1969ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். 1971 நவம்பரில் அதற்கு முதற் கையேடு வெளிவந்தது. நாம் பேச எடுத்துக்கொண்ட 'ஆர்எம்' என்னும் கட்டளை அக்கையேட்டிலேயே இடம்பெற்றுள்ளது. அகற்று என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், உலகின் எண்ணற்ற வழங்கிகளை இயக்கும் லினக்சிலும் அப்பிள் நிறுவனத்தின் மாக் கணினிகளிலும் அதே கட்டளை அதே பெயரோடு வழங்குகின்றது. கோப்பொன்றின் பெயரை அதன் பின்னே எழுதினால் அக்கோப்பு நீங்கும். 'ஆர்' என்னுந் தெரிவைச் சேர்த்தால், ஓர் அடைவும் அதனுள்ளே அடங்கிய அடைவுகளும் கோப்புகளும் அடியோடு நீங்கும். 'எஃப்' என்பதையுஞ் சேர்த்தால், இடையிலே கேட்கக்கூடிய ஓரிரு கேள்விகளையுங் கேளாது நீக்கும். பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இட்டால், அவ்விடத்திலுள்ள ஏறக்குறைய எல்லாம் என்று பொருள்படும். வேலை முடிந்தபின் இயந்திரம் ஒன்றுஞ் சொல்வதில்லை. மௌனமே வெற்றியின் அறிகுறி.

இம்மௌனம் தற்செயலாக அமைந்ததன்று. அக்காலத்தில் யுனிக்ஸை ஆக்கியோர் திரையில் வேலை செய்யவில்லை. வினாடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதத்திலே அடிக்கும் தொலைத்தட்டச்சுப் பொறிகளையே பயன்படுத்தினர். கட்டளைகள் குறுகியிருந்தமைக்கும் மறுமொழிகள் அருகியிருந்தமைக்கும் அப்பொறியின் மந்தகதி ஒரு காரணம். மற்றொரு காரணம் அவர்கள்தம் உறவுநிலை. ஒரே கூரையின் கீழ் உழைத்த சிலரே அதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒருவருடைய அறிவை மற்றவர் மதித்தார்கள். கட்டளையிடுபவன் தான் செய்வதை அறிவான் என்று அவர்கள் கருதியது, சமமானவரிடையே நிலவிய நம்பிக்கையின் வெளிப்பாடேயாகும்.

இன்று நிலைமை வேறு. அதே கட்டளை, தாம் ஒருபோதுங் காணாத வழங்கிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் சம்பள ஊழியர்களின் கையில் இருக்கின்றது. அவ்வழங்கிகளிலே அவர்கள் ஒருபோதுஞ் சந்தியாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு வைக்கப்பட்டிருக்கின்றது. கருவி மாறவில்லை, கருவியைச் சூழ்ந்த மனித உறவுகள் மாறிவிட்டன. சமமானவரிடையே தோன்றிய நம்பிக்கை, முதலாளிக்கும் ஊழியனுக்கும் இடைப்பட்ட உறவிலே புகுந்தபொழுது, 'உன்னை நம்பினேன்' என்பது 'நீயே குற்றவாளி' என்பதாக எளிதில் உருமாறிவிடுகின்றது. நம் வினாவின் வேர் இங்கேதான் உள்ளது.

வினாவுக்கு விடைகாணுமுன், அழித்தல் என்பதன் இயல்பை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். யுனிக்ஸ் மரபிலே ஒரு கோப்பும் அதன் பெயரும் ஒன்றல்ல. கோப்பு என்பது ஓர் எண்ணால் அறியப்படும் பதிவு; அதன் உள்ளடக்கம் வட்டில் எங்கெங்கே கிடக்கின்றது என்பதை அப்பதிவு சொல்லும். பெயர் என்பது அடைவிலே எழுதப்பட்ட ஒரு வரி; அவ்வரி பெயரையும் எண்ணையும் பிணைக்கின்றது. ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருத்தல் கூடும். எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்னுந் தொகையைக் கோப்பின் பதிவே வைத்திருக்கும். நாம் அழித்தல் என்று சொல்லுஞ் செயல் உண்மையிலே செய்வதெல்லாம், ஒரு பெயரை அகற்றி அத்தொகையில் ஒன்றைக் குறைப்பதே. தொகை பூச்சியமாகி, அக்கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் எதுவும் இல்லையென்றான பின்னரே அவ்விடம் பிறவற்றுக்கு விடப்படும். அப்பொழுதுங்கூடப் பல சேமிப்புக் கருவிகளில், வேறொன்று மேலே எழுதப்படும் வரை பழைய உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். சுருங்கக் கூறின், கடைசியாகப் பற்றியிருப்பவரும் கைவிட்ட பின்னரே ஒரு பொருள் இல்லாமற் போகின்றது.

இன்னொரு விதியும் நம் கவனத்துக்குரியது. ஒரு கோப்பை நீக்குதற்கு அக்கோப்பிலே எழுதும் உரிமை வேண்டியதில்லை; அதன் பெயர் எழுதப்பட்டிருக்கும் அடைவிலே எழுதும் உரிமை இருந்தாற் போதும். ஏட்டின் ஓர் எழுத்தையேனும் திருத்த முடியாதவன், ஏட்டின் பெயரைத் தாங்கிய பட்டியல் தன் வசமிருந்தால், ஏட்டையே இல்லாமற் செய்யலாம். புதிதாகப் படிக்கும் மாணாக்கர்க்கு இது விந்தையாகத் தோன்றும். சமுதாய வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் விந்தையில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பைத் தொடவில்லை; அவர்களின் பெயர்களையே வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. பட்டியல் யார் கையில் இருக்கின்றதோ, அவர் கையிலேயே நீக்கும் அதிகாரமும் இருக்கின்றது. ஆகவே யார் அழித்தான் என்று கேட்பதற்கு முன், அழிக்கும் உரிமையை அவன் கையில் யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டல் முறையாகும்.

இனி நடந்த சில நிகழ்ச்சிகளை நோக்குவோம். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' என்னும் அசைவூட்டப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் யாரோ ஒருவர் தவறான இடத்தில் இக்கட்டளையை இட்டார். திரைமுன் இருந்தவர்கள், பாத்திரங்களின் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைவதைக் கண்டார்கள். இயந்திரத்தை நிறுத்துவதற்குள் படத்தின் ஏறக்குறைய தொண்ணூறு வீதம் போய்விட்டது. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தபொழுது அதுவும் பழுதாகியிருந்தமை தெரியவந்தது. அது ஒழுங்காக இயங்குகின்றதா என்று எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியவர் கலின் சுஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர். அவர் அண்மையிலே குழந்தை பெற்றவர். குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை செய்தற்பொருட்டுப் படத்தின் பிரதியொன்றைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். நிறுவனத்தின் திட்டத்திலே அந்தப் பிரதிக்கு இடமில்லை. உழைக்கும் தாயொருத்தியின் வாழ்க்கைத் தேவையினால் உண்டான பிரதி அது. பெருநிறுவனத்தின் முறையான ஏற்பாடு கைவிட்ட இடத்திலே, ஏற்பாட்டுக்கு வெளியே நின்ற ஒரு கை பற்றியிருந்தமையாற் பொருள் பிழைத்தது.

அந்நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவராயிருந்த எட் கற்மல் 2014இல் வெளியிட்ட நூலிலே, கட்டளையிட்டவர் யாரென்று தேடுவதில் தாம் காலத்தைச் செலவிடவில்லை என்று எழுதியுள்ளார். இது பாராட்டற்குரியதே. ஆயின் அதே நூலில் அவர் மற்றொன்றையும் ஒப்புக்கொள்கின்றார். அப்படத்தைக் குறித்த நாளில் முடித்தற்காக ஊழியர் வருத்தப்பட்டமையால், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் ஏதோவொரு வகையிற் கைநோவுக்கு ஆளானார்கள் என்பதே அது. பிழைசெய்த விரலைப் பற்றிப் பேசுவோர் நோவுற்ற விரல்களைப் பற்றியும் பேசல் வேண்டும். களைத்த கை பிழை செய்யும். கையைக் களைக்கச் செய்தவர் அப்பிழையிலே பங்காளி.

இத்தகைய விபத்துகளுக்கு இயந்திரத்திலேயே பரிகாரங் காண முயன்றவர் பலர். ஒவ்வொரு கோப்பையும் நீக்கவா என்று வினவச் செய்யும் 'ஐ' என்னுந் தெரிவு இக்கட்டளைக்கு உண்டு. படத்திரைக் கணினிகளில் 1983இல் அப்பிளின் லீசாவும் 1984இல் மக்கின்டோஷும் குப்பைக்கூடையைக் கொணர்ந்தன. 1995இல் விண்டோசும் அதனை ஏற்றது. கூடையில் இட்டதைத் திரும்ப எடுக்கலாம். ஆயின் ஷெல்லிலே இடும் கட்டளை அக்கூடையை அறியாது. 2006 முதல் குனூ நிரல்தொகுதி, அடைவுகள் அனைத்துக்கும் மூலமான அடைவையே அழிக்கச் சொல்லும் கட்டளையை, வெளிப்படையாக வற்புறுத்தினாலன்றி ஏற்க மறுக்கின்றது. இவை யாவும் வேண்டற்பாலனவே. எனினும் இவற்றுக்கு எல்லை உண்டு. நூறு முறை கேட்கப்படும் கேள்விக்கு, நூற்றோராவது முறை விரலே விடையளிக்கும். மனம் அதைப் படிப்பதில்லை. கேள்வி சடங்காகும்போது அதன் காவல் நீங்கிவிடுகின்றது.

கேள்வியே கேட்க இயலாத வேளையும் உண்டு. மனிதன் நேரே இடாமல், முன்னரே எழுதிவைத்த நிரலொன்று அழிக்கும் கட்டளையை இடுதல் இன்று வழக்கம். 2015 ஜனவரியில், லினக்சுக்கென வழங்கப்பட்ட ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் தொடக்க நிரலிலே ஒரு கேடு வெளிப்பட்டது. எந்த அடைவை அழிக்க வேண்டும் என்பதை ஒரு மாறியிலே வைத்து, அம்மாறியின் பின்னே சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டு அந்நிரலை எழுதியிருந்தார்கள். சில சூழ்நிலைகளில் அம்மாறி வெறுமையாயிற்று. வெறுமையின் பின்னே நின்ற சாய்கோடு மூல அடைவைக் குறிக்கவே, மென்பொருளை இயக்கியவரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. மூல அடைவுக்கு இட்ட காவல் இங்கே உதவவில்லை. நட்சத்திரக் குறி அவ்வடைவின் உள்ளீடுகளைத் தனித்தனியே விரித்துக் கொடுத்துவிட்டது. இதிலே நம்மைச் சிந்திக்க வைப்பது மற்றொரு செய்தி. அவ்வரிக்கு மேலே, இது அச்சந்தருவது என்று பொருள்படும் ஒரு சொற் குறிப்பை எழுதியவரே இட்டிருந்தார். அவர் அபாயத்தை அறிந்திருந்தார். அறிந்தும் அப்படியே விட்டார். அவருக்குப் பின் அதைப் படித்தவர்களும் விட்டார்கள். இங்கே அறியாமை என்று சொல்லித் தப்புதல் இயலாது. அறிந்ததைப் பொதுப் பேச்சாக்காமல் ஓரத்திலே குறித்து வைத்தமையே குற்றம்.

இதற்கு ஈராண்டின் பின், 2017 ஜனவரி 31இல், நிரலாக்குநர் பலர் தம் ஆக்கங்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் என்னும் நிறுவனத்தில் நேர்ந்த நிகழ்ச்சியை நோக்குவோம். ஒரே தரவைத் தாங்கிய இரண்டு வழங்கிகள் இருந்தன. இரண்டாவது வழங்கி பின்தங்கியமையால், அதன் தரவு அடைவை வெறுமையாக்கி மீளத் தொடங்க முயன்ற பொறியியலாளர், இரவு நெடுநேரம் உழைத்த நிலையில், அக்கட்டளையை முதலாவது வழங்கியில் இட்டுவிட்டார். ஓரிரு வினாடிகளிலே தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது. ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று நம்பியிருந்தார்கள். ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இயங்கவில்லை. காப்புப் பிரதி எடுக்கும் நிரல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்காகத் தற்செயலாய் எடுக்கப்பட்ட ஒரு பிரதியே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட காலத்துப் பதிவுகள் மீளவில்லை.

அதன்பின் அந்நிறுவனம் நடந்துகொண்ட முறை குறிப்பிடத்தக்கது. நேர்ந்ததை மறைக்கவில்லை. மீட்கும் பணியை உலகோர் பார்க்க நேரலையாக ஒளிபரப்பினார்கள். குறிப்பேட்டை எல்லார்க்குந் திறந்துவைத்தார்கள். காரணங்களைப் பின்னர் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். ஒருவனைப் பலியிட்டு அமைதிகாண முற்படவில்லை. வணிக நிறுவனமொன்றின் பண்பாட்டை நாம் மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. நற்பெயரைக் காப்பதும் அதற்கு ஒரு நோக்கமாய் இருந்திருக்கலாம். எனினும் அம்முறையிலே ஓர் உண்மை உண்டு. தவறு வெளிப்படையாகப் பேசப்பட்டமையாலேயே, ஐந்து காப்புகளும் பொய்யாயிருந்தன என்பது வெளிவந்தது. கட்டளையிட்டவரைத் தண்டித்து விசாரணையை முடித்திருந்தால், அடுத்தவரும் அதே பொய்யான காப்புகளை நம்பியிருப்பார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2021இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பெருந்தொகையான கோப்புகள் அரச முகிற் சேமிப்பிலிருந்து அழிந்துபோன செய்தி வெளியாயிற்று. மக்கள் உண்ணும் மருந்துகளின் பதிவுகளோடு தொடர்புடைய தரவுகள் அவை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. ஒப்பந்த நிறுவனமொன்றின் மென்பொருட் பொறியியலாளர் கைதுசெய்யப்பட்டார். அவ்வழக்கிலே யார் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறுதல் நம் வேலையன்று. நாம் கேட்பது வேறு. ஒரு நாட்டின் மருந்துப் பதிவுகளை ஒருவர் கையால் அழித்தல் கூடுமாயின், அந்நிலையை உண்டாக்கிய ஒப்பந்தங்களையும் மேற்பார்வையையும் யார் கைதுசெய்வது? ஈராண்டு செல்ல, 2023 ஓகஸ்டில், கப்பங் கோரும் தீநிரலொன்று அரச முகிலைத் தாக்கிற்று. ஏறக்குறைய 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினுடையவையும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு மீட்கத்தக்க பிரதி இருக்கவில்லை. இங்கே அழித்தவன் வெளிப்பகைவன். ஆயின் அழிவை முழுமையாக்கியது பகைவனின் கை மட்டுமன்று. பிரதி வைக்கத் தவறிய நிருவாகத்தின் கையுமாகும்.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, நம் வினாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டும் போதாமை விளங்கும். கட்டளையிட்டவனே முழுப்பொறுப்பு என்பது அலுவலகங்களின் விடை. அது எளிது, மலிவானது, மேலிருப்போர்க்கு வசதியானது. அமைப்பே பொறுப்பு, தனிமனிதன் வெறுங் கருவி என்பது மற்றொரு விடை. முற்போக்காளர் எனப்படும் நம்மிடையே இவ்விடைக்குச் செல்வாக்கு அதிகம். ஆயின் அது மனிதனைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக எண்ணி, அவனுடைய மானத்தையே பறித்துவிடுகின்றது. வெறுங் கருவியாகக் கருதப்படுபவனிடம் மனச்சாட்சியை எதிர்பார்த்தல் எங்ஙனம்? தொழிலாளி தன் கருவியின் ஆண்டானாதல் வேண்டும் என்று வாதிடும் நாம், அக்கருவி செய்யும் அழிவிலே அவனுக்குப் பங்கேயில்லை என்று சொல்லல் பொருந்தாது.

நம் கருத்து இது. அழிவுக்கான பொறுப்பு விசையைத் தட்டும் நொடியிலே பிறப்பதன்று. அந்நொடிக்கு முன்னும் பின்னும் அது பரந்து கிடக்கின்றது. இயந்திரம் கேளாது, ஆகவே கேட்க வேண்டியவற்றை முன்னரே கூடிக் கேட்டிருத்தல் நம் கடமை. இது யாருடையது? வேறெங்கே பிரதி உள்ளது? அப்பிரதி உண்மையிலே திறக்குமா? அழிக்கும் உரிமை இவருக்கு ஏன் வேண்டும்? இவர் இன்று எத்தனை மணித்தியாலம் உழைத்திருக்கின்றார்? இக்கேள்விகள் கேட்கப்படாத இடத்திலே கட்டளையிடுபவர் யாராயிருப்பினும் அழிவு நேர்தல் காலத்தைப் பொறுத்ததே.

முன்னர் கேட்கும் பொறுப்பு பலருடையதாயின், பின்னர் சொல்லும் பொறுப்பு கட்டளையிட்டவருக்கே தனியுரியது. பெயர் நீங்கினாலும் பொருள் உடனே நீங்குவதில்லை என்று கண்டோம். திறந்துவைத்த நிரலொன்று அதை இன்னும் பற்றியிருக்கலாம். வட்டிலே உள்ளடக்கம் இன்னும் மேலெழுதப்படாது கிடக்கலாம். ஆகவே தவறுசெய்தவர் அக்கணமே எழுந்து, 'நான் அழித்துவிட்டேன். இயந்திரத்தை நிறுத்துங்கள்' என்று சொன்னால் மீட்சிக்கு வழியுண்டு. ஒரு மணித்தியாலம் மறைத்தால் அவ்வழி குறுகும். ஒருநாள் மறைத்தால் அடைபட்டும் போகலாம். மறைத்தலே பிழையைக் குற்றமாக்குகின்றது. அதுமட்டுமன்று. தண்டனைக்கு அஞ்சும் இடத்திலே உண்மை தாமதிக்கும். ஆகவே பிழைசெய்தவனை வேட்டையாடும் நிருவாகம், நீதியை நிலைநாட்டுவதாக எண்ணிக்கொண்டு, தன் தரவின் மீட்சியையே தடுக்கின்றது. வேண்டுமென்றே தடயங்களை அழிப்பவனை நாம் இக்கணக்கிலே சேர்க்கவில்லை. அவன் சட்டத்துக்கு உரியவன். எனினும் அவனிடமிருந்து காப்பதும் பலர் கையிலுள்ள பிரதியேயன்றி, அவனுக்குப் பின்னால் வரும் தண்டனையன்று.

பொதுவிடத்திலே யார் எதை அழிக்கலாம் என்பதற்கு யுனிக்ஸ் மரபே ஒரு நல்ல மாதிரியைத் தந்துள்ளது. எல்லாரும் தற்காலிகமாகக் கோப்புகளை வைத்தற்குரிய பொது அடைவொன்று அதில் உண்டு. அங்கே எல்லார்க்கும் எழுதும் உரிமை இருப்பதால், முன் சொன்ன விதிப்படி எவரும் எவருடைய கோப்பையும் அழித்தல் கூடும். 1986இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பிலே இதற்கொரு கட்டுப்பாடு புகுத்தப்பட்டது. பொது அடைவிலே எவரும் வைக்கலாம். ஆயின் ஒன்றை நீக்குதல், அதை வைத்தவர்க்கும் அடைவின் உரிமையாளர்க்கும் மேலதிகாரமுடைய நிருவாகிக்குமே உரியது என்பது அவ்விதி. பொதுமை என்பது எவரும் எதையுஞ் செய்யலாம் என்பதன்று. ஒருவர் உழைப்பு மற்றவர் கையால் அழியாதவாறு அனைவரும் ஓரிடத்தைப் பகிர்ந்துகொள்ளல் என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. ஆயின் அவ்விதியும் நிருவாகியைக் கட்டுப்படுத்தாது. நிருவாகியின் அதிகாரத்தைக் கடன்வாங்கித் தரும் 'சூடோ' என்னும் கட்டளை, முதன்முறை பயன்படுத்துவோர்க்குப் பொதுவாக ஒரு சிறு போதனையைத் திரையிலே காட்டும்: பிறர் அந்தரங்கத்தை மதி, தட்டுமுன் சிந்தி, அதிகாரத்தோடு பொறுப்பும் வரும் என்பது அதன் சாரம். இயந்திரத்தால் அவ்வளவே செய்ய முடியும். எஞ்சியது மனிதர் பணி.

இவ்வளவும் கூறியதால், அழித்தலே தீது என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. அழிக்க வேண்டியதை அழியாது வைத்திருத்தலும் அநீதியே. பாடசாலையைவிட்டு நீங்கிய மாணாக்கரின் குடும்ப வருமானம், நோய், தண்டனை பற்றிய குறிப்புகள் தேவை முடிந்தபின்னுங் கிடக்க வேண்டியதில்லை. பழைய கணினியை விற்கும் பாடசாலை, கோப்புகளை நீக்கிவிட்டோம் என்று எண்ணியிருக்கும். உண்மையிலே நீங்கியவை பெயர்களே. வாங்கியவன் கையில் உள்ளடக்கம் மீளத் தோன்றக்கூடும். மேலெழுதி அழிக்கும் நிரல்கள் அதற்கென உள்ளன. அவற்றாலும் இயலாத கருவிகளாயின் வட்டையே உடைத்தல் வேண்டும். ஆக, காக்க வேண்டியதைப் பல கைகளிலே காத்தலும், அழிக்க வேண்டியதை உண்மையாகவே அழித்தலும் ஒரே பொறுப்பின் இரு பகுதிகள். இரண்டிலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இதனால் வாழ்பவர் யார், வருந்துபவர் யார்?

ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிலே இக்கட்டளையைக் கற்பிக்கும்பொழுது, அதன் தெரிவுகளை மட்டும் கற்பித்து விடுகின்றோம். பரீட்சைக்கு அது போதும், வாழ்க்கைக்குப் போதாது. நட்சத்திரக் குறியோடு அழிக்குமுன், அதே குறியைப் பட்டியலிடும் கட்டளைக்குக் கொடுத்து, எவையெவை அகப்படுகின்றன என்று பார்க்கும் பழக்கத்தை நாம் ஊட்டல் வேண்டும். எந்த இயந்திரத்தில் நிற்கின்றோம் என்பதைத் தட்டுமுன் வாய்விட்டுச் சொல்லப் பழக்குதல் நன்று. பிரதி எடுத்தால் மட்டும் அமையாது, அப்பிரதியைத் திறந்தும் பார்க்கச் செய்தல் வேண்டும். இவற்றினும் மேலாக, ஆய்வுகூடத்திலே ஒரு மாணாக்கன் வகுப்பின் வேலை முழுவதையும் தவறி அழித்துவிட்டு, முகம் வெளிறி நம்மிடம் வந்து நிற்கும் நாளொன்று வரும். அன்று நாம் முதலிற் சொல்லும் சொல் எதுவென்பதைப் பொறுத்தே, அவன் பின்னாளில் மருத்துவமனையொன்றின் பதிவுகளுக்குக் காவலனாயிருக்கும்பொழுது, தன் தவற்றை உடனே சொல்வானா மறைப்பானா என்பது அமையும். வகுப்பின் முன்னே அவனை நிறுத்தி ஏசுவோமாயின், மறைத்தலை அவனுக்குக் கற்பித்தவர் நாமே. அவனருகே அமர்ந்து, வேறெங்கே பிரதி இருக்கின்றது என்று அவனோடு சேர்ந்து தேடுவோமாயின், அன்றைய பாடம் அவன் உள்ளத்தில் நிலைக்கும். அத்தேடலைத் தொடங்கும் முன்னரே, பிரதியொன்று எங்கேனும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளல் நம் கடன்.